ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிறப்பு இறப்புப் பதிவு மேசையின் மேல் என் கட்டுரை கிடந்தது. முந்தைய நாள் வந்த நாளிதழின் ஐந்தாம் பக்கம். அதில் இரண்டு வரிகளை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். வட்டம் தொடங்கிய இடத்தில் பேனா அழுந்தியிருந்தது.

மேசைக்குப் பின்னால் எழுத்தர் காஜா. முன்னால் இசக்கியம்மாளும் அவர் மகள் முத்துலட்சுமியும் நின்றார்கள். இசக்கியம்மாள் இரண்டு அப்பளக் கட்டுகளைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மகள் நீல நிறப் பயிற்சி உடையில் இருந்தாள். வலது முழங்காலில் கையால் போட்ட தையல்.

கட்டுரைக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்டு எழுதிப்போக நான் வந்திருந்தேன். சட்டைப் பையில் குறிப்பேடு இருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார் காஜா. "இத நீங்கதான எழுதுனது?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கிய. ஒரு தப்பு இல்ல." பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரே ஒரு தப்பு இருந்திருந்தாக்கூட இந்தப் பிள்ள போட்டிக்குப் போயிருக்கும்."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கவில்லை. இசக்கியம்மாளுக்கு விளங்கிவிட்டது. அவர் அப்பளக் கட்டுகளைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

அது எந்த ஊர் அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. காஜா இன்னும் வேலையில் இருக்கிறார். பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

பஸ்ஸைத் தவறவிட்டவள்

முத்துலட்சுமியை நான் முதலில் பார்த்தது கல்லிடைக்குறிச்சியில், கால்வாய்க் கரையில். வேறொரு செய்திக்காகக் காலையிலேயே போயிருந்தேன். டீக்கடையில் நிற்கும்போது ஒரு பெண் எதிரே வந்தாள். நடைதான். ஆனால் பக்கத்தில் வந்த சைக்கிள் பின்தங்கிக்கொண்டிருந்தது.

வேக நடை என்ற விளையாட்டை அன்றுதான் நேரில் பார்த்தேன். எப்போதும் ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் முட்டி மடங்கக்கூடாது. நடுவர்கள் வழி நெடுக நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதம் இரண்டும் தரையை விட்டு எழும்பினால் எச்சரிக்கை, அது தொடர்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். முட்டியை மடக்காமல் அந்த வேகத்தில் போனால் இடுப்பு இரண்டு பக்கமும் திரும்பத்தான் செய்யும். ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது.

"பஸ்ஸ விட்டவ மாதிரில்லா போறா," என்றார் டீக்கடை பெஞ்சில் இருந்தவர். "ஓடிப் புடிச்சிரலாம்லா?"

சைக்கிளில் பின்னால் வந்த இசக்கியம்மாள் நிறுத்தவில்லை. போகிற போக்கில் பதில் வந்தது. "நீங்க அந்த பெஞ்ச விட்டு எந்திரிச்சு ஆத்துப்பாலம் வரைக்கும் நடந்து காட்டுங்க அண்ணாச்சி. பொறவு பேசலாம்."

"அவரு எந்திரிச்சா பெஞ்சு அழுவும்வே," என்றார் கடைக்காரர்.

இசக்கியம்மாளுக்கு அப்பளக் கம்பெனியில் வேலை. கணவர் திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் சமையல். தீபாவளிக்கும் கோயில் கொடை விழாவுக்கும் வருவார். காலையில் மகளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு சுற்று, பிறகு குளித்துவிட்டு மாவு பிசையப் போவது. இரண்டு வருடமாக இதுதான் அவருடைய நாள்.

பிளஸ் டூ முடித்த மகளை அவர் ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்தார். "ஒரு வருசம் நடக்கட்டும்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லியிருந்தார். அந்த வருடக் கடைசியில் வடக்கே நடந்த தேர்வுப் போட்டியில் முத்துலட்சுமி இரண்டாவதாக வந்தாள். முதல் இரண்டு பேருக்கு இடம் உண்டு. இடம் என்பது வெளிநாட்டில் நடக்கவிருந்த இளையோர் சர்வதேசப் போட்டியில். பல நாட்டுப் பிள்ளைகள், பல விளையாட்டுகள், ஒரே வளாகத்தில் தங்கல். போய் வந்தால் சென்னையில் ஒரு கல்லூரி சாப்பாடும் விடுதியும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. போகாவிட்டால் இல்லை.

"அங்கன குளிருமோ?" என்று இசக்கியம்மாள் என்னிடம் கேட்டார். நான் அலுவலகத்தில் விசாரித்து, குளிராது என்று சொன்னேன்.

இரண்டு தேதி

போட்டியின் விதி ஒரே வரி. குறிப்பிட்ட ஒரு வருடத்தின் ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். முத்துலட்சுமி அந்த ஜனவரியின் ஒன்பதாம் தேதி பிறந்தவள். எட்டு நாள் உள்ளே.

பள்ளிச் சான்றிதழில் அவள் அதற்கு முந்தைய ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தாள். ஏழு மாதம் வெளியே.

தேர்வுப் போட்டிக்குப் பிறப்புச் சான்றிதழின் நகல் போதுமாக இருந்தது. விளையாட்டு ஆசிரியர் அதை இணைத்துப் பதிவு செய்துவிட்டார்; அதில் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. தேர்வான பிறகுதான் அசலும் பாஸ்போர்ட்டும் கேட்டார்கள். அசலை எடுத்துப் பார்த்தால் அதில் பெயர் இல்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. அவர்கள் வழக்கத்தில் குலசாமி கோயிலில் மொட்டை போடும்போதுதான் பெயர். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, அந்த ஊர் அலுவலகத்தில் பதிவாகி, மொட்டைக்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. தாய் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், 'பெண்' என்று இருக்கும். குழந்தையின் பெயருக்கு நேரே ஒரு கோடு.

பெயர் சேர்க்கப் பள்ளிச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி. அந்தத் தேதியைத் திருத்தப் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். நான் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். அம்புக்குறிகள் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றன.

வயதைக் கண்டறிய மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, அதையும் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ஜனவரியா ஜூனான்னு சொல்லாதும்மா," என்றார்.

பெயரோடு சான்றிதழ் கொண்டுவர விளையாட்டுச் சங்கம் இருபது நாள் கொடுத்திருந்தது.

ஞானப்பூ டீச்சர்

ஜூன் ஒன்று என்று எழுதிய கையைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. அன்று ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே பேசினார்.

"இசக்கி மவளா? ஓடுதாளா?"

"நடக்கா டீச்சர். வேக நடை."

"நடக்கதுக்கா வெளிநாட்டுக்குக் கூப்பிடுதாங்க?"

விளக்கினேன். கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கு. இசக்கி அப்பளக் கம்பெனிக்குப் போயிருவா. பிள்ள பைய எறங்கிப் படித்துறையில போயி நிக்கும். ரெண்டு தடவ நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன். மூணாந்தடவ யாரு கூட்டியாருவா? பள்ளிக்கூடத்துல இருந்தா கண்ணு முன்னால இருக்கும், மத்தியானம் சோறும் உண்டு. அஞ்சு வயசு முடியணும்னு ரூலு. இது நாலர. ஜூன் ஒண்ணுன்னு போட்டேன்."

"தப்புன்னு தோணலியா?"

"ஆத்துல போயிருந்தா அதுக்கு எந்தத் தேதியும் இருந்திருக்காதுலா."

நான் குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நடந்ததைக் கடிதமாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"பேப்பர்ல போடப் போறீரா?"

"ஆமா."

"போட்டா நடக்குமா?"

"நடக்கும் டீச்சர்."

"அப்பம் எம் பேரையும் போட்டுக்கிடும். ரிட்டயர் ஆனவள என்ன செய்யப் போறாங்க."

என் ஜூன் ஒன்று

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் ஜூன் ஒன்றாம் தேதிதான். அம்மா சொன்ன கணக்கில் ஐப்பசியில், ஆறு பெருகிக் கிடந்த ஒரு வாரத்தில் பிறந்தேன். பள்ளியில் சேர்த்த மாமாவிடம் தேதி கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. வாத்தியாரே ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

என் வகுப்பில் பாதிப்பேர் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ பிறந்தவர்கள். இந்தப் பக்கத்து அரசு அலுவலகங்களில் மே மாதக் கடைசி நாள் வரிசையாகப் பிரிவுபசார விழா நடக்கும். அத்தனை பேரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்களா என்று யாரும் கேட்பதில்லை. மாலையைப் போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள்.

நானும் அப்படித்தான் ஓய்வு பெற்றேன், ஐந்து மாதம் முன்னதாக. அந்த ஐந்து மாதத்தால் எனக்கு எந்தக் கதவும் மூடவில்லை. அதனால் தேதி என்பது ஒரு விளையாட்டான விஷயம் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

எதிரொலி

இந்த நினைவுத் தொடருக்காகப் போன இதழில் 'செய்தி எதிரொலி' பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன். ஒரு குறையை நாம் எழுதி, அதிகாரிகள் அதைச் சரி செய்தால், மறுநாள் அந்தத் தலைப்பில் நாமே ஒரு பெட்டிச் செய்தி போட்டுக்கொள்வோம். கால்வாய்ப் பாலத்தில் கைப்பிடி இல்லாமல் ஒரு மாடு விழுந்ததை எழுதினேன்; ஒரே வாரத்தில் கைப்பிடி வந்தது. களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பஸ் நிற்பதில்லை என்று எழுதினேன், நின்றது. பேப்பரில் அச்சாவது எல்லாவற்றையும் நகர்த்தும் என்று நம்புகிற அளவுக்கு எனக்கு இவை நடந்திருந்தன.

அந்த இதழைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: உங்கள் எழுத்தால் யாருக்காவது கெடுதல் வந்ததுண்டா? இந்த அத்தியாயம் அவருக்கான பதில்.

வெள்ளிக்கிழமை இசக்கியம்மாளை வீட்டில் பார்த்து, விவரங்களை இன்னொரு முறை சரிபார்த்தேன். இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டேன். வெயிலில் ஓலைப்பாயில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்தபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னம்மா?"

"இல்ல அண்ணாச்சி. திங்கக்கிழம ஒரு நல்ல சேதி சொல்லுதேன்."

"அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழம நான் ஒண்ணு சொல்லுதேன்," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சொல்லப்போகிற சேதி என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கட்டுரை நன்றாக வந்தது. டீச்சர் சொன்னதைத்தான் தொடக்கமாக வைத்திருந்தேன். இரண்டு தேதிகளையும், பெயரில்லாத கோட்டையும், இருபது நாள் கெடுவையும் வரிசையாகச் சொல்லியிருந்தேன். அழுகை இல்லை, வசவு இல்லை. என் வேலைக்காலத்தில் நான் எழுதியவற்றில் பிழை தேடினால் அகப்படாத ஒன்று உண்டென்றால் அதுதான்.

திங்கட்கிழமை

காஜா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். உள்ளறையில் மேலதிகாரி இருந்தார்.

"போன வியாழக்கிழம இந்தம்மா வந்து அழுதா. அந்த வருசப் பதிவேட்ட எடுத்துப் பாத்தேன். சரியா இருக்கு, ஜனவரி ஒம்போது. பேரச் சேக்க பள்ளிக்கூட சர்டிபிகேட் கேக்கணும். கேட்டா வேற தேதி வரும்னு அவளே சொல்லிட்டா. நான் கேக்கலேன்னா எனக்குத் தெரியாது. பெத்தவங்க எழுதிக் கொடுத்தாங்க, சேத்தேன்னு போயிரும். திங்கக்கிழம வா, யார்ட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லி அனுப்புனேன்."

"நான் யார்ட்டயும் சொல்லல சார்," என்றார் இசக்கியம்மாள்.

"நீ சொல்லலம்மா. அதான் பேப்பரே சொல்லிட்டுலா." அவர் வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இது நம்ம ரிஜிஸ்தர்தானான்னு காலையில உள்ள கூப்பிட்டுக் கேட்டாங்க. ஆமான்னேன். ரெண்டு தேதி இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனி எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? மேல எழுதிக் கேக்கச் சொல்லிட்டாங்க. நான் பிள்ளகுட்டிக்காரன் அண்ணாச்சி."

"அவர்கிட்ட நான் பேசட்டுமா?" என்றேன்.

"பேசுங்க. பேசுனா அதையும் எழுதி வைப்பாங்க."

உள்ளே போய்ப் பேசினேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார், கட்டுரையைப் பாராட்டினார். இவ்வளவு கவனத்துக்கு வந்த பிறகு விதிப்படி செய்வதுதான் அந்தப் பெண்ணுக்கே பாதுகாப்பு என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தபோது முத்துலட்சுமி பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் முந்தைய நாளே மூன்று பிரதி வாங்கியிருந்தார்கள். ஆனாலும் முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"இதுல எதுவும் பொய் இல்லியே சார்," என்றாள்.

"இல்லம்மா."

"அப்பம் எதுக்கு விட மாட்டேங்குதாங்க?"

காஜா மேசையைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டார். பிறகு பெஞ்சைக் காட்டி, "அந்த அப்பளத்த எடுத்துட்டுப் போம்மா, ஒடஞ்சிரும்," என்றார்.

அதன் பிறகு

மேலிடத்துப் பதில் ஒன்பதாம் நாள் வந்தது. நீதிமன்ற உத்தரவு பெற்று வரவும் என்று ஒரு வரி. வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். மிக வேகமாக நடந்தால் ஆறு மாதம் என்றார். கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது.

பட்டியல் போனபோது தேர்வில் மூன்றாவதாக வந்த பெண்ணின் பெயர் இருந்தது. சென்னைக் கல்லூரி வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டது. இசக்கியம்மாள் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சிய," என்றார். டீச்சரைப் பற்றியும் அதையேதான் சொன்னார். காஜாவைப் பற்றியும். அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்த ஒரு ஆளைக்கூட என்னால் கண்டுபிடித்து எழுத முடியவில்லை.

கட்டுரை வந்த ஏழாம் வாரமோ எட்டாம் வாரமோ, ஜூன் பிறந்து சில நாளில், அப்பளக் கம்பெனி வாசலில் அவரைப் பார்த்தேன். கையில் மாவு.

"முத்து நாளைக்கு வேலைக்குச் சேருதா அண்ணாச்சி. கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனி. பஸ்ஸு இங்கனயே வந்து ஏத்திக்கிடும். பதினெட்டு முடிஞ்சாத்தான் எடுப்பாங்களாம்."

"அவளுக்கு இன்னும் முடியலியேம்மா."

"சர்டிபிகேட்ல முடிஞ்சிட்டுலா. ஜூன் ஒண்ணோட." மாவை விரல்களிலிருந்து உருட்டி எடுத்தார். "அத மட்டுந்தான் பாத்தாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

பதினேழு வயது ஐந்து மாதம். இது ஒரு செய்தி என்று எனக்குத் தெரியும். எங்கே சொன்னால் தடுப்பார்கள் என்பதும் தெரியும். தடுத்தால் அவள் மறுபடி வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான். நான் எழுதவில்லை. இன்று இரண்டு தேதிகளின்படியும் அவளுக்குப் பதினெட்டு கடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் காலை அதே டீக்கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கம்பெனி பஸ் கால்வாய்ப் பாலத்துப் பக்கம் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. நாலைந்து பெண்கள் ஏறினார்கள். டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை.

தெருமுனையில் முத்துலட்சுமி வந்தாள். சுடிதார், கழுத்தில் புது அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. முதலில் நடந்துதான் வந்தாள். முட்டி மடங்காத அந்த நடை. பஸ் மெல்ல நகர ஆரம்பித்தது.

அவள் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துப்பட்டா பின்னால் பறக்க, தூக்கு தொடையில் இடிக்க, இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்ப ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குக் கேலி பேசிய பெஞ்சுக்காரர் அதைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.